துப்பாக்கி வேண்டாம், பைனாகுலர் போதும்! குமரிக் காட்டில் மிளாவைத் தேடி ஒரு முதல் பயணம்: முழு கைடு

"எலே மக்கா, சனிக்கிழமை ராத்திரி மலைக்குப் போவோம், வாறியா? மிளா கெடைக்கும்."

மலையோர ஊர்ல இருக்கிற ஏதாவது ஒரு நண்பர் உங்களுக்கு இப்படி மெசேஜ் அனுப்பியிருக்கலாம். கேட்க த்ரில்லா இருக்கும். இன்னொரு பக்கம், கனடாவில் இருக்கிற சொந்தக்காரர் யாராவது பனிக்காட்டில் ஆரஞ்சு ஜாக்கெட் போட்டுக்கிட்டு, பிரமாண்டமான மூஸ் மான் பக்கத்தில் நிற்கிற போட்டோவை ஸ்டேட்டஸ்ல போட்டிருப்பார். 'அவங்க போறாங்க, நாம போனா என்ன?' என்று தோணுவது இயல்புதான்.

ரெண்டுக்கும் நடுவில் ஏழு வருஷ ஜெயில் இருக்கு. அதனால, காட்டுக்குள்ள ஒரு பெரிய மானைத் தேடிப் போகணும்ங்கிற ஆசை உங்களுக்கு இருந்தா, அதைச் சட்டப்படி, பாதுகாப்பா, உண்மையான காட்டு அனுபவத்தோட எப்படி பிளான் பண்றதுன்னு இந்தக் கட்டுரையில் பார்ப்போம். வேட்டைக்காரர்கள் அந்தக் காலத்தில் கற்று வைத்திருந்த பொறுமை, காற்றைக் கவனிப்பது, தடம் பார்ப்பது எல்லாமே உங்களுக்கும் வேணும். துப்பாக்கி மட்டும்தான் வேண்டாம்.

மிளான்னா எது, மூஸ்னா எது?

மூஸ் உலகத்திலேயே பெரிய மான். கனடா, அலாஸ்கா, ஸ்வீடன், ரஷ்யா மாதிரி குளிர் நாடுகளில் வாழ்வது. வளர்ந்த ஆண் மூஸின் தோள் உயரம் 2 மீட்டரைத் தொடும். நம்ம நாட்டில் அது கிடையாது. ஆனா இந்தியாவின் மிகப் பெரிய மான் நம்ம குமரி மாவட்டத்து மலையில் இருக்கு. பாடப் புத்தகத்தில் கடமான், ஆங்கிலத்தில் சாம்பார், நாஞ்சில் நாட்டிலும் நெல்லையிலும் மிளா. மலையாளத்தில் இதையே 'ம்லாவு' என்பார்கள்.

நல்லா வளர்ந்த ஆண் மிளா 200 கிலோவைத் தாண்டும். அடர்ந்த பழுப்பு நிறம், கழுத்தில் பிடரி மாதிரி முடி, ஒவ்வொரு கொம்பிலும் பொதுவா மூன்று கூர் முனைகள். வருஷத்துக்கு ஒரு முறை கொம்பு தானா உதிர்ந்து, மறுபடி முளைக்கும். முளைக்கிற சமயத்தில் கொம்பு மேல வெல்வெட் துணி சுத்தின மாதிரி மெல்லிய தோல் மூடியிருக்கும்.

புள்ளிமான் மாதிரி பெரிய கூட்டமாக இது திரியாது. தனியாகவோ, தாயும் குட்டியுமாகவோ, நாலைந்து பேர் சேர்ந்தோ இருக்கும். பகலில் அடர்ந்த காட்டுக்குள் படுத்துக் கிடக்கும். அந்தி சாய்ந்த பிறகும் இரவிலும்தான் நடமாட்டம் அதிகம். தண்ணீர்னா கொள்ளைப் பிரியம். செந்நாய் துரத்தினால் நேராகத் தண்ணீரில் இறங்கி நிற்கும். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2008-லிருந்து இதை 'அழிவுக்கு உள்ளாகக்கூடிய' இனமாக வைத்திருக்கிறது. புலியும் செந்நாயும் விரும்பித் தின்னும் இரை இது. மிளா குறைந்தால் புலியும் குறையும்.

சட்டம் என்ன சொல்லுது?

இது பிளானோட முதல் படி, கடைசிப் படி இல்லை. 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன்பு, லைசென்ஸ் வாங்கி வேட்டையாடுவது இந்தியாவில் நடைமுறையில் இருந்தது. சமஸ்தான மன்னர்களும் வெள்ளைக்கார அதிகாரிகளும் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போய் வேட்டையாடிய காலம் அது. 1972 சட்டமும், 1991-ல் வந்த திருத்தமும் அந்தக் கதையை முடித்து வைத்தன. இன்றைக்குப் பொழுதுபோக்குக்காக ஒரு மிளாவைச் சுட எந்த அலுவலகத்திலும் உங்களுக்கு லைசென்ஸ் கிடைக்காது.

கவனிக்க வேண்டிய நாலு விஷயங்கள்:

• 'வேட்டை' என்றால் சுடுவது மட்டும் கிடையாது. கண்ணி வைப்பது, விரட்டுவது, இரை வைத்து வரவழைப்பது, இதுக்கெல்லாம் முயற்சி செய்வதுகூட சட்டப்படி வேட்டைதான்.

• சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. அதோட குறைந்தபட்சம் 25,000 ரூபாய் அபராதம். 2022-ல் நிறைவேறிய திருத்தச் சட்டம் இந்த அபராதத்தை உயர்த்தியது.

• வேட்டைக்குப் பயன்படுத்திய பைக், ஜீப், டார்ச், ஆயுதம் எல்லாம் பறிமுதல் ஆகும். 'நான் சும்மா வண்டி ஓட்டிட்டுத்தான் போனேன்' என்பது உங்களைக் காப்பாத்தாது. நாட்டுத் துப்பாக்கி இருந்தால் ஆயுதச் சட்ட வழக்கும் தனியாகச் சேரும்.

• 'மிளாக்கறி' என்று யாராவது கொண்டுவந்து தந்தாலும் வாங்காதீங்க. இறைச்சியை வைத்திருப்பதும் வாங்குவதும் குற்றம். காட்டில் தானாக உதிர்ந்து கிடக்கிற கொம்பைக்கூட வீட்டு ஷோகேஸுக்கு எடுத்துட்டு வரக் கூடாது.

வேலைக்கோ வெளிநாட்டு விசாவுக்கோ போலீஸ் சரிபார்ப்பு வரும் வயசு உங்களுடையது. ஒரு சனிக்கிழமை ராத்திரி அதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுடும். அந்த மெசேஜுக்குச் சரியான பதில், "நான் வரலை மக்கா, நீயும் போகாதே" என்பதுதான்.

அப்ப கனடாவில் மட்டும் எப்படி? அங்கேயும் நினைத்தவர் நினைத்தபோது போய்ச் சுட முடியாது. உதாரணமா, நம்ம தமிழர்கள் அதிகம் வாழும் ஒன்டாரியோ மாகாணத்தில் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடிக்கணும், லைசென்ஸ் எடுக்கணும், எந்தப் பகுதியில் எத்தனை மூஸ் எடுக்கலாம் என்று அரசு கணக்குப் போட்டுக் கொடுக்கும் 'டேக்' கிடைக்கணும். துப்பாக்கி சீசனில் தூரத்திலிருந்தே தெரியும் ஆரஞ்சு உடை கட்டாயம். பரந்த காடு, குறைவான மக்கள்தொகை, கணக்கெடுப்பு எல்லாம் சேர்ந்த ஏற்பாடு அது. நம்ம காடு சின்னது. அதைச் சுற்றி ஊரும் தோட்டமும் நெருக்கியடித்து நிற்கின்றன. ரெண்டையும் ஒப்பிட முடியாது.

எங்கே போகலாம்?

கன்னியாகுமரின்னா கடலும் சூரிய உதயமும்தான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனா மாவட்டத்தின் வடக்கு, வடகிழக்கு எல்லை முழுக்க மேற்குத் தொடர்ச்சி மலைதான். கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் சுமார் 400 சதுர கிலோமீட்டர். ஒரு பக்கம் கேரளாவின் நெய்யாறு சரணாலயம், இன்னொரு பக்கம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். மூன்றும் சேர்ந்த அகத்தியமலைப் பகுதியை 2016-ல் யுனெஸ்கோ தன் உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் சேர்த்தது. யானை, புலி, சிறுத்தை, காட்டுமாடு, கரடி, வரையாடு, சிங்கவால் குரங்கு, ராஜநாகம் என எல்லாருக்கும் இதுதான் வீடு.

முதல் முறை போறவங்களுக்கு மூன்று வழிகள் இருக்கு.

1. காட்டோரம் ஒரு நாள்: தடிக்காரன்கோணம், கீரிப்பாறை வழியாகக் காளிகேசம் போகும் பாதை, அல்லது குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை அணைப் பக்கம். நாகர்கோவிலில் இருந்து காலையில் கிளம்பினால் மாலைக்குள் திரும்பிடலாம். வழியில் அரசு ரப்பர் கழகத் தோட்டங்கள் வரும். ரப்பர் தோட்டம் தானேன்னு அசால்ட்டா இருக்காதீங்க. காட்டை ஒட்டிய தோட்டங்களுக்குள் மிளாவும் வரும், காட்டுமாடும் வரும், யானையும் வரும். அதிகாலை பால்வெட்டப் போற தொழிலாளர்கள் தினமும் இந்தப் பயத்தோடதான் வேலை பார்க்கிறாங்க. செக்போஸ்ட்டில் வனத்துறை எந்த இடம் வரை விடுறாங்களோ, அதுதான் உங்க எல்லை.

2. வனத்துறையின் ட்ரெக்கிங்: தமிழக அரசு 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கி, மாநிலம் முழுக்க 40 பாதைகளைத் திறந்தது. குமரி மாவட்டமும் அதில் உண்டு. ஆன்லைனில் புக் பண்ணலாம். எளிது, நடுத்தரம், கடினம் என்று பாதைகளைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். முதல் முறைன்னா, ஜிம் பாடியா இருந்தாலும் 'எளிது' அல்லது 'நடுத்தரம்' போதும். காட்டில் ஏறுவது ட்ரெட்மில்லில் ஓடுவது மாதிரி இல்லை. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். முதல் பயணத்துக்கு நம்ம சிபாரிசு இதுதான்.

3. பக்கத்து மாவட்டம், பக்கத்து மாநிலம்: நெல்லைப் பக்கம் களக்காடு முண்டந்துறை, 1988-ல் உருவான தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம். கேரளப் பக்கம் போனாகாடு வழியாக 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடம் மலைக்கு, பொதுவாக ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் கேரள வனத்துறை அனுமதி கொடுக்கும். ஆனா இது கடினமான மலையேற்றம். ரெண்டு, மூணு காட்டுப் பயணம் போன பிறகு யோசிக்கலாம்.

மேல்கோதையாறு பக்கம் போகலாமான்னு நிறையப் பேர் கேட்பாங்க. அது கட்டுப்பாடுள்ள பகுதி. வண்டிப் பாதையே நெல்லை மாவட்டம் மாஞ்சோலை வழியாகத்தான் சுற்றி வரும். 2023 ஜூனில் தேனி மாவட்டத்தில் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன் யானையைக் கொண்டுவந்து விட்டது இந்த மலைப் பகுதியில்தான். 'ஷார்ட்கட் தெரியும்' என்று யாராவது கூப்பிட்டால் போகாதீங்க. சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம்.

எப்போ போகலாம்?

தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களைப் போல இல்லாமல், குமரிக்கு இரண்டு பருவமழையும் நல்லாவே கிடைக்கும். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஒன்று, அக்டோபர், நவம்பரில் வரும் வடகிழக்குப் பருவமழை இன்னொன்று. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்த நாடு இது. விவசாயிக்கு வரமான அந்த மழை, காட்டில் நடக்கிறவருக்குச் சிக்கல். பாறை வழுக்கும், அட்டை கடிக்கும், ஓடையில் நொடியில் வெள்ளம் வரும்.

மழை முடிந்து வெயில் ஏறினால் இன்னொரு சிக்கல், காட்டுத்தீ. பொதுவாக பிப்ரவரி நடுவில் இருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை ட்ரெக்கிங் பாதைகளை வனத்துறை மூடிவிடும். இதில் சமரசமே கிடையாது. 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்துபோனார்கள். அவர்களில் பலர் சென்னையில் இருந்து வார இறுதிக்காக வந்த இளைஞர்கள், இளம்பெண்கள். அதற்குப் பிறகுதான் தமிழகத்தில் மலையேற்ற விதிகள் இறுகின.

ஆக, உங்களுக்குக் கிடைப்பது டிசம்பர் கடைசியில் இருந்து பிப்ரவரி முதல் வாரம் வரையான சின்ன ஜன்னல். தண்ணீர் எல்லா ஓடையிலும் இருக்கும் காலம் என்பதால் விலங்குகள் ஒரே இடத்தில் கூடாது, பரவித்தான் இருக்கும். அதனால் மிளா கண்ணில் படும் வாய்ப்பு கொஞ்சம் குறைவு. ஆனா நீங்க முழுசா வீடு திரும்பும் வாய்ப்பு அதிகம். முதல் பயணத்துக்கு இந்தக் கணக்கே சரி.

டிசம்பரில் போறீங்கன்னா வானிலை எச்சரிக்கையைக் கண்டிப்பா பாருங்க. ஓகி புயல் குமரியைப் புரட்டிப் போட்டது 2017 நவம்பர் 30-ம் தேதி. இன்னொரு உள்ளூர் டிப்ஸ்: செய்தியில் தினமும் அணை நீர்மட்டம் வரும். பேச்சிப்பாறையின் முழு அளவு 48 அடி, பெருஞ்சாணி 77 அடி. ரெண்டும் நிரம்பும் நிலைக்கு வந்தால் எப்போ வேணும்னாலும் தண்ணீர் திறப்பார்கள். அந்த வாரம் ஆத்தோரப் பயணத்தைத் தள்ளிப் போடுங்க.

யார் கூட போகலாம்?

நாலு பேர் கொண்ட குழு போதும். ஆள் கூடக் கூட சத்தம் கூடும். சத்தம் கூடினால் மிளா மட்டுமல்ல, ஒரு மலை அணிலைக்கூடப் பார்க்க முடியாது. ப்ளூடூத் ஸ்பீக்கர் கொண்டு வர்ற நண்பரை அன்பா வீட்டிலேயே விட்டுடுங்க. மது கூடவே கூடாது. யானை வரும்போது ஓட வேண்டிய திசையைக்கூடத் தப்பா முடிவெடுக்க வைக்கும்.

வழிகாட்டி விஷயத்தில் ஒரு கதை தெரிஞ்சுக்கோங்க. இந்த மலைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள் காணி மக்கள். 1987-ல் கேரளப் பக்கத்து அகத்தியமலையில் ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள், கூட வந்த காணி வழிகாட்டிகள் மட்டும் களைப்பே இல்லாமல் நடப்பதைக் கவனித்தார்கள். அவர்கள் நடுநடுவே ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டே வந்தார்கள். அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. பின்னாளில் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உருவானது. அதன் வருமானத்தில் காணி மக்களுக்கும் ஒரு பங்கு தரப்பட்டது, உலக அளவில் பேசப்பட்டது.

உங்க முன்னால் நடக்கிறவர் அப்படி ஒரு அறிவின் வாரிசாக இருக்கலாம். வயசில் மூத்தவர்னா அண்ணே, அக்கான்னு கூப்பிடுங்க. அவர் நில்லுன்னா நில்லுங்க, திரும்புன்னா திரும்புங்க. காரணத்தை அப்புறம் கேட்டுக்கலாம். காணிக் குடியிருப்பு வழியே போனால், அனுமதி கேட்காமல் வீட்டையும் குழந்தைகளையும் போட்டோ எடுக்காதீங்க.

பையில் என்ன இருக்கணும்?

• தண்ணீர்: ஆளுக்குக் குறைந்தது 2 லிட்டர், வீட்டிலிருந்தே எஃகு பாட்டிலில். கூடவே ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ரெண்டு.

• சாப்பாடு: வாசனை தூக்காத எளிய சாப்பாடு. அவிச்ச மரச்சீனிக் கிழங்கு, கடலை மிட்டாய், ஊர்ப் பெருமையான மட்டிப்பழம். பழத்தோலைக்கூடத் திரும்ப எடுத்துட்டு வரணும். குரங்குக்குப் போடுறது பாசம் கிடையாது, அதோட பழக்கத்தைக் கெடுக்கிறது.

• உடை: பச்சை, பழுப்பு, சாம்பல் நிறத்தில் முழுக்கை சட்டை, முழு பேன்ட். வெள்ளையும் பளிச் நிறங்களும் வேண்டாம். ஜீன்ஸ் நனைஞ்சா காயாது. புது ஷூ போட்டுட்டு வராதீங்க, குதிகால் பிஞ்சுடும்.

• வாசனை: பாடி ஸ்ப்ரே, சென்ட் எதுவும் வேண்டாம். மிளா உங்களைப் பார்ப்பதற்கு முன்பே மோந்துடும்.

• பைனாகுலர்: 8x42 என்று எழுதியிருக்கும் வகை ஆரம்பத்துக்கு நல்லது. காட்டின் மங்கலான வெளிச்சத்திலும் தெளிவா காட்டும். வாங்க வேண்டாம், முதல் முறைக்கு இரவல் போதும்.

• போன்: சிக்னல் இருக்காதுன்னு முடிவு பண்ணிட்டே போங்க. ஆஃப்லைன் மேப், பவர் பேங்க், சைலன்ட் மோட், ஃப்ளாஷ் ஆஃப். ட்ரோன் கூடவே கூடாது.

• அட்டைக்கு: முழங்கால் வரை வரும் லீச் சாக்ஸ். கடிச்சா பதறாதீங்க, பிய்ச்சு இழுக்காமல் நகத்தால் நகர்த்தி எடுங்க. ரத்தம் கொஞ்ச நேரம் வடியும், ஆபத்தில்லை.

• மருந்து: நீங்க வழக்கமா சாப்பிடும் மாத்திரை, பேண்டேஜ், கிருமிநாசினி, விசில் ஒன்று.

மிளாவை எப்படித் தேடுறது?

இங்கதான் பழைய வேட்டைக்காரரின் பாடம் உதவும்.

காற்றைப் பாருங்க: ஒரு சிட்டிகை காய்ந்த மண்ணைத் தூவினால் காற்றின் திசை தெரியும். காற்று உங்க முகத்தில் அடிக்கணும். முதுகில் அடிச்சா உங்க வாசனை உங்களுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துடும்.

தரையைப் பாருங்க: ஓடையோர ஈரமண்ணில் இரண்டாகப் பிளந்த, முன்பக்கம் கூரான இதய வடிவத் தடம் மிளாவுடையது. அதே மாதிரி ஆனா ரொம்பப் பெரிசா, உருண்டையா இருந்தா காட்டுமாடு. குளம்புத் தடத்துக்குப் பின்னாடி ரெண்டு சின்னப் புள்ளி தெளிவா விழுந்திருந்தா காட்டுப்பன்றியாக இருக்கலாம். வட்டமா, தட்டு மாதிரி இருந்தா சொல்லவே வேண்டாம், ஆனை. உடனே வழிகாட்டியைப் பாருங்க.

மரத்தைப் பாருங்க: ஆண் மிளா கொம்பைத் தேய்ச்ச மரத்தில் பட்டை உரிஞ்சிருக்கும். பக்கத்தில் சேறு கலங்கின குழி இருந்தா, அது புரண்டு எழுந்த இடம்.

காதைத் தீட்டுங்க: மிளாவின் அபாயக் குரல் பழைய கார் ஹாரன் ஒரே ஒரு தடவை அடிச்ச மாதிரி இருக்கும். புலி, சிறுத்தை, செந்நாயைப் பார்த்தா காலைத் தரையில் உதைச்சுட்டு அப்படிக் கத்தும். அந்தச் சத்தத்தை நோக்கி நடக்காதீங்க. நின்ற இடத்திலேயே நில்லுங்க.

உட்காருங்க: முதல் முறை போறவங்க செய்யும் தப்பு, நடந்துகிட்டே இருப்பது. தண்ணீர் தெரியும் ஒரு இடத்தில், வழிகாட்டி அனுமதிச்சா, 30 நிமிடம் அசையாமல் உட்காருங்க. முதல் 10 நிமிடம் காடு உங்களைக் கண்டு அமைதியா இருக்கும். அப்புறம்தான் அது தன் வேலையைப் பார்க்க ஆரம்பிக்கும். விடிந்த முதல் ரெண்டு மணி நேரமும், சூரியன் சாய்வதற்கு முன்பான ஒரு மணி நேரமும் நல்ல நேரம். இருட்டுவதற்கு முன் காட்டை விட்டு வெளியே வந்துடணும்.

ஆபத்துகள்: பயமுறுத்த இல்லை, தயாராக

யானை: காட்டில் உங்களுக்கு இருக்கும் முதல் ஆபத்து புலி கிடையாது, யானை. பார்த்தவுடன் நில்லுங்க, பேசாதீங்க, வந்த வழியே மெல்ல பின்வாங்குங்க. செல்ஃபிக்காக ஒரு அடிகூட முன்னே வைக்காதீங்க. வண்டியில் இருந்தால் ஹாரன் அடிக்காதீங்க, இறங்காதீங்க. தூரத்தில் நிறுத்தி, அது கடந்து போகும் வரை காத்திருங்க.

பாம்பு: பாறை இடுக்கிலோ சருகுக்குள்ளோ கையை வைக்காதீங்க. கடிச்சா கட்டுப் போடாதீங்க, கீறாதீங்க, நாட்டு மருந்து தேடாதீங்க. கடிபட்ட கை, காலை அசைக்காமல் வைத்து 108-க்கு அழையுங்க. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நாகர்கோவிலை ஒட்டித்தான் இருக்கு. இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நாலுக்கானது. மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள சில குழிவிரியன்களின் கடிக்கு அது வேலை செய்யாது. அதனால மிதிக்காமல் நடப்பதுதான் முதல் மருந்து.

ஓடை வெள்ளம்: காளிகேசம் மாதிரி இடங்களில் தண்ணீர் தெளிவா, குளுகுளுன்னு ஓடும். மேலே மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். தண்ணீர் திடீர்னு கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ அந்த நொடியே கரையேறுங்க.

உண்ணிக் காய்ச்சல்: போய் வந்து ஒன்றிரண்டு வாரத்தில் கடும் காய்ச்சல், தலைவலி, உடம்பில் எங்காவது சிகரெட் சுட்ட மாதிரி கருப்புப் புண் வந்தால், டாக்டரிடம் "காட்டுக்குப் போயிட்டு வந்தேன்" என்று முதல் வரியிலேயே சொல்லுங்க. சரியான நேரத்தில் கண்டுபிடிச்சா எளிய மருந்திலேயே குணமாகும். தாமதமானால் உயிருக்கே ஆபத்து.

கண்ணி: மரத்தடியில் கம்பிக் கண்ணியைப் பார்த்தால் தொடாதீங்க, போட்டோவை ஸ்டேட்டஸ்ல போடாதீங்க. வழிகாட்டியிடமோ வனத்துறை ஊழியரிடமோ இடத்தைச் சொல்லுங்க. ஒரு மிளாவின் உயிரை நீங்க காப்பாத்தியிருக்கலாம்.

நாலு கட்ட பிளான்

ஒரு மாதத்துக்கு முன்: தேதி முடிவு பண்ணுங்க, வார நாளா இருந்தா கூட்டம் குறைவு. ட்ரெக்கிங் டிக்கெட் புக் பண்ணுங்க. சந்தேகம் இருந்தால் நாகர்கோவில் மாவட்ட வன அலுவலகத்தில் நேரில் கேளுங்க. தினமும் ஒரு மணி நேரம் நடக்க ஆரம்பிங்க. மருத்துவாழ்மலை ஏறி இறங்கிப் பார்ப்பது நல்ல பயிற்சி.

ஒரு வாரத்துக்கு முன்: ஷூ போட்டு நடந்து பழகுங்க. வானிலை, அணை நீர்மட்டம், பாதை திறந்திருக்கா என்பதைச் சரிபாருங்க.

முந்தின நாள்: எங்கே போறீங்க, யார் கூட, எத்தனை மணிக்குத் திரும்புவீங்க, எத்தனை மணிக்கு மேல் தகவல் இல்லைன்னா யாரை அழைக்கணும். இந்த நாலையும் எழுதி வீட்டில் கொடுங்க. லைவ் லொகேஷன் காட்டில் வேலை செய்யாது, காகிதம் வேலை செய்யும்.

அன்றைக்கு: அடையாள அட்டை, டிக்கெட், தண்ணீர். பாதி வழியில் யாருக்காவது முடியலைன்னா குழு முழுக்கத் திரும்பணும். இதைக் கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கோங்க.

மிளாவே வரலைன்னா?

பெரும்பாலும் முதல் முறை வராது. அதுக்காகப் பயணம் வேஸ்ட் கிடையாது. தடம், உரிஞ்ச பட்டை, தூரத்தில் கேட்ட ஒரு குரல், இதையெல்லாம் தேதி, நேரம், இடத்தோட ஒரு சின்ன நோட்டில் எழுதுங்க. நெல்லையில் பிறந்த மா. கிருஷ்ணன் இப்படிக் காட்டைப் பார்த்துப் பார்த்து எழுதியே 46 ஆண்டுகள் ஒரு ஆங்கில நாளிதழில் பத்தி நடத்தினார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் அவர். யானைகளைக் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்கள் இன்றைக்கும் பேசப்படுகின்றன.

அப்படியே மிளா வந்து நின்னா, முதல் அரை நிமிடம் போனை எடுக்காதீங்க. கண்ணால் பாருங்க. அப்புறம் படம் எடுங்க. இன்ஸ்டாவில் போடும்போது 'குமரிக் காடு' என்று மட்டும் போடுங்க, சரியான இடத்தை டேக் பண்ணாதீங்க. நீங்க லைக்குக்காகப் போடும் லொகேஷன், கண்ணி வைப்பவனுக்கு இலவச மேப்.

இப்போ காலண்டரை எடுத்து, பொங்கல் கழிந்த அடுத்த வாரத்தில் ஒரு நாளைக் குறித்து வையுங்க. சனிக்கிழமை ராத்திரி மெசேஜ் அனுப்பின அந்த நண்பரையும் கூப்பிடுங்க. டார்ச்சை வீட்டில் வச்சுட்டு, பகலில், டிக்கெட்டோட வரச் சொல்லுங்க.